பிளாஸ்டிக் ஷீட்டுக்கு பில்லில் தனி ஐட்டம் வேண்டும்: பெங்களூரு கட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டுநர்களே, திட்ட மேலாளர்களே,

உங்களில் பலர் இப்போது கையெழுத்துக்கு நீட்டும் ஃபினிஷிங் ஒப்பந்தங்களில் ஒரு வரி நுழைந்திருக்கிறது: முடிந்த வேலையைப் பாதுகாப்பது ஒப்பந்தக்காரர் பொறுப்பு, அதற்குத் தனி ரேட் கிடையாது. முன்பு சதுர அடிக்கு இவ்வளவு என்று சின்னத் தொகையாவது பில்லில் இருந்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டீர்கள். அந்த வரி பெரிய ஒப்பந்தக்காரரிடமிருந்து சப் காண்ட்ராக்டருக்கும், அவரிடமிருந்து மேஸ்திரிக்கும் இறங்குகிறது. முடிந்த வேலை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கும் பணம் மட்டும் யாரிடமும் இல்லை. ஹேண்டோவர் நேரத்தில் கிரானைட்டில் கீறல், மார்பிளில் மஞ்சள் கறை, கதவின் அடியில் உப்பல் என்று ஸ்நாக் லிஸ்ட் (குறைப் பட்டியல்) வரும்போது டெபிட் நோட் (எங்கள் பில்லில் பணம் பிடிக்கும் சீட்டு) எங்கள் கைக்குத் தவறாமல் வந்து சேர்கிறது.

ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் சாலையிலும் எலகங்காவிலும் டைல்ஸ், கிரானைட், பெயின்ட், மர வேலை எடுத்துச் செய்யும் தமிழ் மேஸ்திரிகள் நாங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டி வந்து வேலை நடத்துகிறோம். இந்த வரியை எங்களால் ஏற்க முடியாது. ஷீட்டைப் பழைய சாக்கைப் போல எண்ணி எழுதிய வரி இது. ஷீட் விரிப்பது ஒரு வேலை. அதற்குக் கனம் உண்டு, அளவு உண்டு, செய்முறை உண்டு. விரிக்கக் கூடாத இடமும் நேரமும்கூட உண்டு.

கனத்தில் தொடங்குகிறோம். சைட்டுக்கு வருவது பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கறுப்பு ஷீட் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊதியது. கிலோ கணக்கில் வாங்குவதால், மெல்லிசாக இருந்தால் நிறைய பரப்பு மூடும் என்று பர்ச்சேஸில் கணக்குப் போடுகிறார்கள். அதன் மேல் ஏணியை ஒரு தடவை இழுத்தால் போதும், கிழிசல் நேர்கோட்டில் ஓடிவிடும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். கனத்தைக் கேஜில் சொன்னால், 100 கேஜ் என்பது 25 மைக்ரான். 500 கேஜ் 125 மைக்ரான். 1000 கேஜ் 250 மைக்ரான். ரோலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்ப வேண்டாம். குழாய் போல இரட்டை அடுக்காக வரும் ரோலில் இரண்டு அடுக்கையும் சேர்த்து மைக்ரான் சொல்லி விற்பதும் உண்டு. சைட் கேட்டிலேயே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஒற்றை அடுக்காக வெட்டி, எலெக்ட்ரானிக் தராசில் வையுங்கள். பாலித்தீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.92 கிராம். ஆகவே 250 மைக்ரான் என்றால் 230 கிராம் நிற்கும். 125 மைக்ரான் என்றால் 115 கிராம். 115-க்கு வெகுவாகக் குறைந்தால் அது 500 கேஜ் ஷீட்டே இல்லை, லாரியைத் திருப்பி அனுப்பலாம். இரண்டு நிமிட வேலை இது.

எவ்வளவு வேண்டும் என்பதும் மறைபொருள் இல்லை. 1000 சதுர அடித் தரை என்பது 93 சதுர மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புக்கும் சுவரோரம் மடக்கி ஏற்றுவதற்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 102. 125 மைக்ரானில் ஏறக்குறைய 12 கிலோ. 250 மைக்ரானில் 23, 24 கிலோ. ஒரு ஃபிளாட்டின் தரைக் கல்லுக்கு நீங்கள் கொடுக்கும் விலைக்கு முன் இந்த 12 கிலோ எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தரைக்கு வருவோம், டெபிட் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. உங்கள் வாடிக்கையாளரின் தவணை அட்டவணையில் தரை முடிந்தது என்பது ஒரு படி. அந்தத் தவணையைக் கேட்பதற்காக, ஃபால்ஸ் சீலிங் ஏறும் முன்னே, ஏசி செம்புக்குழாய் ஓடும் முன்னே, சுவரில் இரண்டாம் கை பட்டி (பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) விழும் முன்னே டைல்ஸ் போடச் சொல்கிறீர்கள். பிறகு நான்கு குழுக்கள் அந்தத் தரை மேல்தான் ஏணி நிறுத்த வேண்டும், கட்டிங் மெஷின் ஓட்ட வேண்டும், பட்டி கலக்க வேண்டும். அந்தத் தரையைக் காப்பாற்ற வெறும் ஷீட் போதாது. இங்கே நாங்கள் எல்லோரும் செய்வது ஷீட்டும் அதன் மேல் பிஓபியும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்)தான், அதை ஒழுங்காகச் செய்தால் தரை தப்பிக்கும்.

ஒழுங்காகச் செய்வது என்றால் இப்படி. முதலில் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். ஷீட்டுக்கு அடியில் ஒரு சிட்டிகை எம்-சாண்ட் கிடந்தாலும் மேலே நடக்கும் ஒவ்வொரு காலும் அதை எமரித்தாளாக ஆக்கிவிடும். கிரானைட்டில் வட்டவட்டமாகத் தெரியும் மங்கல் பலதும் ஷீட்டுக்கு அடியில் உருவானதுதான். பிறகு குறைந்தது 125 மைக்ரான் ஷீட், ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறும்படி. டேப்பை ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மட்டும் ஒட்ட வேண்டும், கல்லின் மேல் ஒட்டக் கூடாது. பிரவுன் டேப்பின் பசை இரண்டு மாதம் கல்லில் இருந்தால் தின்னர் போட்டுத் தேய்த்தாலும் ஓரம் கறுத்துத் தெரியும். ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் கல் பட்டை) மேல் நான்கு அங்குலம் ஏற்றி நிறுத்த வேண்டும். அதன் மேல் சணல் சாக்குத் துணி, அதன் மேல் எட்டு, பத்து மில்லிமீட்டர் கனத்தில் பிஓபி. ஷீட்டில் ஓட்டை இருந்தால் பிஓபி கலந்த தண்ணீர் நேராக மார்பிள் ஜாயின்ட்டில் இறங்கும். பிறகு அந்த வெள்ளைக் கோடு எந்த பாலிஷுக்கும் போகாது. 40 மைக்ரான் ஷீட் மேல் பிஓபி போடுவது பாதுகாப்பு என்ற பெயரில் கல்லைக் கெடுப்பது.

பாத்ரூம் வாசல், பால்கனி, கிச்சன் சிங்க் அடி போன்ற ஈரம் படும் இடங்களில் பிஓபி கரைந்து கூழாகிவிடும். அங்கே ஷீட் மேல் நெளி பிபி (பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்) அட்டை, தளத்தில் சன்பேக் என்று சொல்வது, அதைப் பரப்பிக் கனமான டேப் போட வேண்டும். பிஓபியை எடுக்கும்போதும் கடப்பாரை கூடாது. ஓரத்தில் ஒரு முனையைத் தூக்கி, ஷீட்டோடு சேர்த்துப் பலகை பலகையாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். கல்லில் பதிந்த பல வெட்டுகள் வேலை நடந்தபோது விழுந்தவை இல்லை. ஹேண்டோவருக்கு இரண்டு நாள் முன்னால் அவசர அவசரமாக பிஓபி உடைத்தபோது விழுந்தவை.

மார்பிளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்பிள், வெளிர் நிற கிரானைட் எதுவானாலும் அடியில் ஒன்றரை, இரண்டு அங்குலக் கலவைப் படுகை இருக்கிறது. அந்தக் கலவையில் இருக்கும் தண்ணீர் கல் வழியாகத்தான் மேலே வந்து வெளியேற வேண்டும். கல் பதித்த மறுநாளே ஷீட் போட்டு மூடச் சொன்னால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. கல்லுக்குள் இருக்கும் இரும்புத் தாது துருப்பிடித்து மஞ்சளாகிறது. ஷீட்டின் விளிம்பு எங்கே முடிந்ததோ அங்கே கல்லில் ஒரு சட்டம் போல நிழல் விழுகிறது. இதற்கு டைல்ஸ் மேஸ்திரி என்ன செய்ய முடியும்? கல்லின் நிறம் ஓரத்திலும் நடுவிலும் ஒன்றாகும் வரை, குறைந்தது ஒரு வாரம், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக, தரையைத் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் ஆள் நடக்க வேண்டும் என்றால் காற்றுப் போகும் சாக்கும் அதன் மேல் பிளைவுட் பலகையும்தான் போடலாம், ஷீட் கூடாது. இந்த ஒரு வாரத்தைத்தான் உங்கள் அட்டவணை தருவதில்லை. மஞ்சள் கறைக்கான டெபிட்டைத் தருகிறது.

பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து விரிக்கச் சொல்வதும் நடக்கிறது. அதன் மை ஈரத்தில் கல்லில் பதியும். கனமாக இருக்கிறது என்பது ஒன்றே அதற்குத் தகுதி ஆகாது.

இன்னொரு டெபிட், பெயின்டர்மீது விழுவது. வில்லாக்களிலும் கிளப் ஹவுஸிலும் தரைத்தளக் கடைகளிலும் முதல் மழைக்காலம் முடிந்ததும் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒரு அடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்கிறது, வெள்ளை உப்பு பூக்கிறது. பட்டி சரியில்லை, பிரைமர் சரியில்லை என்று சொல்லி மறு பெயின்ட் அவர் செலவில் அடிக்கச் சொல்கிறீர்கள். அடித்தாலும் அடுத்த மழையில் மறுபடி உதிரும். ஈரம் கீழேயிருந்து வருகிறது. அதைத் தடுக்க வேண்டிய ஷீட் தரை ஸ்லாபுக்கு அடியில் இருக்க வேண்டியது. பல இடங்களில் அது இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை.

அது பயன்பட வேண்டுமானால், மண்ணைக் கெட்டித்து, கருங்கல் சோலிங் (கல் அடுக்கு), அதன் மேல் பிசிசி (கம்பியில்லாக் கான்கிரீட்), பிசிசியின் முகத்தைத் துருத்தும் ஜல்லி இல்லாமல் தேய்த்துவிட்டு, அதன் மேல்தான் ஷீட் விரிய வேண்டும். சோலிங் மேல் நேராக விரித்தால் கருங்கல் முனை நூறு இடத்தில் குத்தும். 250 மைக்ரான், புது பாலித்தீனில் செய்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கம்பி கட்டும்போது ஷீட் நகரும் என்பதால் ஒரு அடி வைப்பதே எங்கள் வழக்கம். முழு நீளத்துக்கும் டேப். சுவரோரத்தில் ஷீட்டை வெட்டி நிறுத்தக் கூடாது, மடக்கி ஏற்றிச் சுவரின் டிபிசியோடு (ஈரம் ஏறாமல் சுவரில் வைக்கும் தடுப்பு அடுக்கு) சேர்க்க வேண்டும். ஸ்கர்ட்டிங் மேல் உதிரும் பெயின்ட்டுக்குப் பெரும்பாலும் அப்படி வெட்டி நிறுத்திய இடத்தில் விழும் இடைவெளிதான் காரணம். குழாய் வரும் இடத்தில் சதுரமாக ஓட்டை வெட்டாமல், நட்சத்திரம் போலக் கீறி, குழாய் வழியே இறக்கி, அதன் மேல் தனியாக ஒரு துண்டைச் சட்டைக் காலர் போலச் சுற்றி டேப் போட வேண்டும்.

கம்பி வேலை தொடங்கியதும் ஷீட்டை யாரும் பார்ப்பதில்லை. கம்பிக்கு அடியில் இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த கல் சில்லை வைத்தால் அது ஷீட்டைக் கிழிக்கும். தள்ளுவண்டி ஓட்டப் பலகை போட வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய இரவு மழை பெய்தால் ஷீட் மேல் குட்டையாகத் தண்ணீர் தேங்கும். அதைத் துடைக்காமல் போட்டால் அந்த இடத்தில் கலவை நீர்த்துப்போகும். ஷீட் இருப்பதால் கான்கிரீட்டின் தண்ணீர் கீழே இறங்காது, எல்லாம் மேலே கசிந்து வரும். ஆகவே தேய்ப்பதற்குக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். மேல் தண்ணீர் வற்றும் முன் கரணை போட்டால் மேல்தோல் பிரியும். சாயந்திரம் முடிக்க வேண்டும் என்று சிமென்ட் பொடி தூவச் சொல்லும் சைட் இன்ஜினியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேலே மரத்தரையோ வினைல் தரையோ ஒட்டும் முன் கான்கிரீட்டில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே ஷீட் உதவும். பதினெட்டு அங்குலச் சதுரமாக ஒளி ஊடுருவும் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது அடியில் முத்துமுத்தாகத் தண்ணீரோ, கான்கிரீட்டில் கருநிறமோ தெரிந்தால் தரை ஒட்டக் கூடாது. இது மேல் பரப்பை மட்டும்தான் சொல்லும். காய்ந்தது போலத் தெரிந்தாலும் ஸ்லாபின் நடுவில் ஈரம் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் காயும் ஸ்லாபில் கனத்தின் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு மீட்டர் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஐந்து அங்குல ஸ்லாபை இரண்டு மாதத்தில் மூடச் சொல்லிவிட்டு, மரப்பலகை தூக்கிக்கொண்டதும் கார்பென்டரைக் கேட்பது நியாயமா? பலகைக்கு அடியில் போடும் ஃபோமுக்குக் கீழே 200 மைக்ரான் ஷீட் போடவேண்டியதும் அவர் சொல்லித்தான் வாங்கப்படுகிறது, பில்லில் இருப்பதில்லை.

கியூரிங்கில், அதாவது கான்கிரீட் இறுகும்வரை ஈரம் காப்பதில், ஷீட்டின் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், இதை உங்கள் இன்ஜினியர்கள் படித்திருப்பார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நியமமான ஐஎஸ் 456-லேயே கான்கிரீட்டை ஒட்டி மூடும் பாலித்தீன் ஷீட் ஒரு முறையாக ஏற்கப்பட்டிருக்கிறது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) போன்ற கலப்பு சிமென்ட்டுக்கும் உலர்ந்த வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரு காற்று எவ்வளவு உலர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். டேங்கர் தண்ணீர் விலை ஏறும் அதே மாதங்களில்தான் கான்கிரீட் தூணுக்குச் சாக்கைச் சுற்றி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு விடுகிறார்கள். மதியத்துக்குள் சாக்கு காய்ந்து, தூணிலிருந்தே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். நனைந்த சாக்குக்கு மேல் 100 மைக்ரான் ஷீட்டை இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டினால், தண்ணீர்ச் செலவும் ஆள் செலவும் வெகுவாகக் குறையும். ஸ்லாபுக்கு வெள்ளை ஷீட் நல்லது. கறுப்பு ஷீட் வெயிலில் கான்கிரீட்டைச் சூடாக்கும். சுருக்கம் இருந்தால் பூசாமல் விடும் கான்கிரீட்டில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். விளிம்பில் மணல் கொட்டி அடைக்க வேண்டும். அங்கங்கே ஒரு செங்கல் வைத்தால் அடியில் காற்று ஓடி, மூடியதற்கே பலனில்லாமல் போகும்.

மழைக்காலம். இங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிகம் பெய்யும் மாதங்கள். ஏப்ரல், மே மாதக் கோடை மழை காற்றோடு வரும். ஜன்னல் பொருத்தும் முன்னே உள்ளே மர வேலை தொடங்கினால் அந்தத் திறப்புகளை மூடத்தான் வேண்டும். ஷீட்டை ஆணி அடித்துத் தொங்கவிட்டால் முதல் காற்றிலேயே ஆணி இருந்த இடத்தில் கிழிந்துவிடும். இரண்டுக்கு ஒரு அங்குல ரீப்பர் மரத்தில் சட்டம் செய்து, ஷீட்டின் விளிம்பை ரீப்பரில் இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் ஆணி அடிக்க வேண்டும். தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி அடிப்பாகம் ஜன்னல் திட்டுக்கு வெளியே வர வேண்டும். மேலே இரண்டு மூன்று அங்குலம் காற்றுக்கு விட வேண்டும். முழுக்க அடைத்தால் பட்டி காயாது, பிளைவுட்டில் பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதம் தாங்க வேண்டிய இடத்தில் சாதா ஷீட் கூடாது. வெயிலில் அது மொறுமொறுப்பாகி நொறுங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் கலந்த ஷீட் அல்லது கண்ணி வைத்த தார்ப்பாய் வேண்டும்.

மழை ஃபிளாட்டுக்குள் வருவது ஜன்னல் வழியாக மட்டும் இல்லை. டக்ட் (குழாய்கள் மேலிருந்து கீழ் ஓடும் திறந்த குழி), லிஃப்ட் குழி, மொட்டை மாடியில் மூடாத குழாய் ஸ்லீவ் (குழாய் போக ஸ்லாபில் விட்ட ஓட்டை) வழியாக எட்டு மாடி இறங்கி வரும். மூன்றாம் மாடியில் வார்ட்ரோப் அடிப்பலகை ஊறியதற்குக் காரணம் பத்தாம் மாடியில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் கார்பென்டர் பில்லில் பிடிப்பது எளிது, அதனால் அதுவே நடக்கிறது.

ஸ்டோரிலும் கொஞ்சம் கவனம் போதும். சிமென்ட் மூட்டை தரையிலிருந்து அரை அடி உயரப் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் போகாமல் அடுக்கி, மழைக்காலத்தில் ஷீட்டால் முழுக்கச் சுற்றி மேலே சேர்த்து மூட வேண்டும். ஜிப்சம் போர்டும் கதவும் இதற்கு நேர்மாறு. கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை உள்ளே வந்ததும் கிழித்துவிட வேண்டும். டிசம்பரில் பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். இறுக்கிச் சுற்றிய உறைக்குள் விடியற்காலையில் நீர் கோத்துக்கொள்ளும். கதவின் வெனீர் அங்கேதான் முதலில் கொப்பளிக்கிறது.

ஒன்றை வேண்டுகோளாக இல்லாமல் கண்டிப்பாகச் சொல்கிறோம். தரையில் உள்ள திறப்பை, டக்ட்டை, ஸ்லீவ் ஓட்டையை ஷீட்டால் மட்டும் மூடாதீர்கள். மேலே தூசு படிந்தால் தரை எது, ஓட்டை எது என்று தெரியாது, கால் வைத்தால் ஆள் போய்விடுவான். பிளைவுட்டோ இரும்புக் கிராதியோ போட்டு, நகராமல் ஆணி அடித்து, சிவப்பில் ஓட்டை என்று தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் எழுதி, அதற்கு மேல் வேண்டுமானால் ஷீட் போடுங்கள். படிக்கட்டில் தளர்வான ஷீட் வேண்டாம். ஈரம் பட்டால் வழுக்கும், தலையில் சுமையோடு இறங்கும் பெண்களுக்கு அது ஆபத்து. வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து ஷீட்டை எடுத்துவிட வேண்டும். பாலித்தீன் எரியும்போது சொட்டிச் சொட்டித் தீயை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும்.

சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி ஷீட்டே வேண்டாம் என்று சொல்லும் மேலாளர்களும் இருக்கிறார்கள். அந்த அக்கறையை மதிக்கிறோம். மழையில் கிழிந்த ஷீட் துண்டுகள் ராஜகாலுவேயில் (நகரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) போய் அடைப்பதை நாங்களும் பார்க்கிறோம், அந்தக் கால்வாய் நிரம்பினால் முதலில் தண்ணீர் புகுவது எங்கள் ஆட்கள் தங்கும் ஷெட்டுக்குள். ஆனால் 40 மைக்ரான் ஷீட்டை ஒரே தரைக்கு மூன்று முறை மாற்றினால் 120 மைக்ரான் பிளாஸ்டிக் குப்பைக்குப் போகிறது, கல்லும் தப்பவில்லை. 125 மைக்ரான் ஷீட் ஒரே தடவையில் வேலையை முடிக்கும். பிஓபி ஒட்டாத இடத்தில் அதை உதறி, சுருட்டி, அடுத்த மாடிக்கு எடுத்துப்போகலாம். கெட்டுப்போன ஒரு மார்பிள் பலகையைப் பெயர்த்து, புதிதாக வெட்டி, லாரியில் கொண்டுவருவதற்கு ஆகும் டீசலையும் கல்லையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

ஒப்பந்தத்தில் அந்த வரியை நீக்குங்கள். பாதுகாப்பு ஷீட்டுக்கு பில்லில் தனி ஐட்டம் வையுங்கள். மைக்ரான், விளிம்பு ஏறும் அளவு, மேலே பிஓபியா அட்டையா என்பதை எழுதி, சதுர அடிக்கு ரேட் கொடுங்கள். அந்த ரேட்டில் விரிக்கும் கூலியும், எடுக்கும் கூலியும், இடையில் ஒரு தடவை பழுது பார்ப்பதும் சேர வேண்டும். ரேட் தர விருப்பம் இல்லை என்றால் ஷீட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலியை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். இரண்டும் இல்லாத ஃபிளாட்டில் கீறலுக்கும் கறைக்கும் டெபிட் போடாதீர்கள்.

கேட்டில் ஷீட்டை எடை போட்டு, கிராம் கணக்கை ஸ்டோர் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தரை முடிந்த அன்றே உங்கள் இன்ஜினியரும் எங்கள் மேஸ்திரியும் சேர்ந்து அறை அறையாகப் போட்டோ எடுத்து, தேதியோடு இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு குழுவும், ஏசி ஆனாலும் எலெக்ட்ரீஷியன் ஆனாலும், உள்ளே வரும் நாளும் போகும் நாளும் வாசலில் ஒட்டிய தாளில் பதிவாக வேண்டும். கெட்டுப்போனால் யார் இருந்த நாளில் கெட்டது என்று அப்போது தெரியும். இப்போது தெரியாததால்தான் கடைசியில் கையில் கிடைக்கும் மேஸ்திரி மேல் விழுகிறது.

அட்டவணையில் காயும் நாட்களை எழுதுங்கள். மார்பிளுக்கு ஒரு வாரம், மழைக்காலத்தில் இரண்டு. மரத்தரைக்கு முன் ஷீட் சோதனையும் துளைச் சோதனையும் முடிந்து, அதன் தாள் கார்பென்டர் கையில் கிடைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். தரை ஸ்லாபுக்கு அடியில் போகும் ஷீட்டைக் கான்கிரீட் போடும் முன் இன்ஜினியர் நேரில் பார்த்து, சுவரோரமும் குழாய் ஓரமும் போட்டோ எடுக்கட்டும். அந்தப் போட்டோ இல்லாத கட்டடத்தில் பெயின்ட் உதிர்ந்தால் பெயின்டரிடம் வராதீர்கள்.

பயன்படுத்திய ஷீட்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு கோணிப்பை கட்டிவையுங்கள், மாதம் ஒருமுறை உலர் கழிவு மையத்துக்கு அனுப்ப வண்டியும் தாருங்கள். சுத்தம் செய்து சுருட்டித் தருவது எங்கள் பொறுப்பு. அதோடு, தொழிலாளர் ஷெட்டின் கூரையை, கிழிந்து ஒதுக்கிய ஷீட்டை நம்பி விடாமல் தகரத்தில் போட்டுத் தாருங்கள்.

ஏப்ரல் மழை வருவதற்குள், இப்போது நடக்கும் ஒப்பந்தங்களில் அந்த வரியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். உங்கள் இன்ஜினியர்களோடு உட்கார்ந்து மைக்ரானும் ரேட்டும் பேச எந்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதற்கு நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பெங்களூருவில் டைல்ஸ், கிரானைட், பெயின்ட், மர வேலை செய்யும் தமிழ் மேஸ்திரிகள்